அப்பா அம்மா வீட்லயே இருக்கோம், அந்த வீட்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?

நம்ம ஊர்ல படிச்சு முடிச்சு, வேலைக்கு போய், கல்யாணம் ஆகி புள்ளை பொறந்த பிறகும் அப்பா அம்மா கூட ஒரே வீட்ல இருக்குறது ரொம்ப சாதாரணம். தனியா போனாதான் "என்ன, வீட்ல எதாச்சும் பிரச்சனையா"ன்னு அக்கம்பக்கத்துல கேப்பாங்க. ஆனா இப்படி சேர்ந்து இருக்குற வீட்ல யாருக்கு என்ன உரிமைன்னு கேட்டா நிறைய பேருக்கு தெரியல, தெரியும்னு நெனச்சுட்டு இருக்குறதும் பல நேரம் தப்பா இருக்கு. பத்திரப்பதிவு ஆபீஸ், தாலுகா ஆபீஸ்னு அடிக்கடி போய் வர்ற வேலை எனக்கு. அங்க அண்ணன் தம்பி, அப்பா மகன்னு நின்னு கத்திக்கிட்டு இருக்குறவங்கள பாக்கும்போது, இந்த அடிப்படை மட்டும் முன்னாடியே புரிஞ்சிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்க வேணாமேன்னு மனசு கஷ்டமா இருக்கும். அதனால ஆரம்பத்துல இருந்தே சொல்றேன், சட்டம் எதுவும் தெரியாதவங்களுக்குன்னு நெனச்சுத்தான் எழுதுறேன்.

மொதல்ல வயசு. 18 முடியுற வரைக்கும் புள்ளைய வெச்சு காப்பாத்துறது பெத்தவங்க கடமை. 18 முடிஞ்சதும் மகன் விஷயத்துல அந்த கடமை சட்டப்படி முடிஞ்சுது, உடம்பாலயோ மனசாலயோ சம்பாதிக்க முடியாத நிலைமைல இருக்குற புள்ளைக்கு மட்டும் வயசு கணக்கு கிடையாது. மகளுக்கு கொஞ்சம் வேற மாதிரி. இந்து குடும்பமா இருந்தா, கல்யாணம் ஆகாத மக தன்னைத் தானே பாத்துக்குற அளவுக்கு வருமானம் இல்லன்னா, 18 தாண்டினாலும் அப்பா அம்மாகிட்ட ஜீவனாம்சம் கேக்கலாம்னு 1956ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, பராமரிப்பு சட்டத்துலயே இருக்கு.

அப்போ 30 வயசுல நல்ல சம்பளம் வாங்கிக்கிட்டு அப்பா சொந்தமா சம்பாதிச்சு கட்டின வீட்ல இருக்குற மகன், அவர் எந்த கணக்குல அங்க இருக்கார்? அனுமதிங்குற கணக்குல. அவ்ளோதான். 2016ல டெல்லி ஹைகோர்ட் இத ரொம்ப வெளிப்படையா சொல்லுச்சு, வீடு பெத்தவங்களோட சுயசம்பாத்தியமா இருந்தா மகனுக்கு கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகலன்னாலும் அங்க இருக்க சட்ட உரிமை கிடையாது, அவங்க விரும்புற வரைக்கும் இருக்கலாம்னு. டெல்லி தீர்ப்பு நம்ம ஊர் கோர்ட்ட கட்டுப்படுத்தாதுதான், ஆனா அதுல இருக்குற அடிப்படை எல்லா ஊருக்கும் பொதுவானது. பொறந்ததுல இருந்து அந்த வீட்லதான் இருக்கேன், ஆதார் அட்ரஸ் அதுதான், ரேஷன் கார்டுல பேர் இருக்கு, கரண்ட் பில் நான்தான் கட்டுறேன்னு சொல்லுவாங்க, இது எதுவுமே உங்கள ஓனர் ஆக்காது.

இத கேட்டதும் கோவம் வரும், எனக்கு தெரியும். ஆனா இதுல மகனுக்கு அவமானம் எதுவும் இல்ல. 25 வருஷம் ஓட்டு வீட்ல வாடகைக்கு இருந்து, பிஎஃப்ல லோன் போட்டு, அம்மா நகைய வித்து கட்டின வீட்டுல முடிவெடுக்குற உரிமை அவங்க கையில இருக்கட்டும்னு சட்டம் சொல்லுது, அதுல நியாயம் இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன்.

அடுத்து உடனே வர்ற கேள்வி, "இது எங்க தாத்தா சொத்து, தாத்தா சொத்து பேரனுக்குத்தானே". டீக்கடையில இருந்து கல்யாண வீடு வரைக்கும் எல்லாரும் அடிச்சு சொல்ற விஷயம் இது, ஆனா பெரும்பாலான வீட்டுக்கு இது பொருந்தாது. இந்து வாரிசுரிமை சட்டம் 1956ல வந்துச்சு. அதுக்கப்புறம் உங்க தாத்தா சொந்தமா வாங்கின சொத்த உயில் எழுதாம விட்டுட்டு இறந்துபோனா அது அவரோட மனைவி, மகன்கள், மகள்கள், அவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்க, இவங்களுக்கு சமமா பிரியும். அதுல உங்க அப்பாவுக்கு வந்த பங்கு அவரோட தனிச்சொத்து. அவர் உயிரோட இருக்குற வரைக்கும் பேரனான உங்களுக்கு அதுல பொறப்பால வர்ற பங்கு எதுவும் இல்ல, அவர் அத விக்கலாம், யாருக்கு வேணா எழுதலாம். சுப்ரீம் கோர்ட் 1986லயே இத தெளிவா சொல்லிருச்சு. பொறக்கும்போதே பங்குங்குறது, தலைமுறை தலைமுறையா பாகம் பிரிக்காம கூட்டுக்குடும்ப சொத்தாவே வந்துட்டு இருக்குற பூர்வீக சொத்துக்கு மட்டும்தான்.

அந்த பூர்வீக சொத்துலயும் மகன் மட்டும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25ல இருந்தே, அன்னைக்கு கல்யாணம் ஆகாம இருந்த மகள்களுக்கு மகனுக்கு சமமான பங்கு இருக்கு. 2005 செப்டம்பர் 9ல மத்திய சட்டம் திருத்தப்பட்டதும் கல்யாணம் ஆன மகள்களுக்கும் வந்துருச்சு. அந்த தேதில அப்பா உயிரோட இருந்திருக்கணுமாங்குற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்த்து வெச்சுது, அப்படி அவசியம் இல்லன்னு. முஸ்லிம், கிறிஸ்தவ குடும்பங்களுக்கு வாரிசு சட்டமே வேற, அங்க பொறப்பால பங்குங்குற பேச்சே கிடையாது, பெத்தவங்க காலத்துக்கு அப்புறம்தான் எல்லாமே.

அதனால உங்க வீடு எந்த வகைன்னு தெரிஞ்சுக்க யார்கிட்டயும் கேக்க வேணாம், மூலப்பத்திரத்த எடுத்து படிங்க, யார் யாருக்கு எப்போ எப்படி கொடுத்தாங்கன்னு அதுல இருக்கும். கூடவே வில்லங்க சான்று (அந்த சொத்து மேல பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுற சான்று) ஒண்ணு போட்டு பாருங்க, பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம். வீடு அம்மா பேர்ல இருந்தா அது அம்மாவோடது, அப்பா காசுலதானே வாங்கினாருங்குற பேச்ச வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம், அத வெச்சு நீங்க பங்கு கேக்க முடியாது.

இப்போ நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற விஷயத்துக்கு வரேன், மாடி கட்டுறது. மகனுக்கு கல்யாணம் பேசுற நேரத்துல வீடு பத்தலன்னு தோணும், "அப்பா கீழ இருக்கட்டும், நாம மேல ஒரு போர்ஷன் எடுத்து கட்டிக்கலாம்"னு முடிவு பண்ணுவாங்க, மகன் லோன் போடுவார், பொண்டாட்டி நகை போகும், சீட்டு எடுத்த காசு போகும், ஒரு பேப்பர்ல கூட எதுவும் எழுத மாட்டாங்க, ஏன்னா அப்பாகிட்ட போய் எழுதிக் கொடுங்கன்னு கேக்க வாய் வராது. ஒரு உதாரணத்துக்கு, மகன் 25 லட்சம் போட்டு மாடி கட்டுறார்னு வெச்சுக்கோங்க, இடம் அப்பா பேர்ல. 10 வருஷம் கழிச்சு அப்பா உயில் எழுதாம போய் சேர்ந்துட்டாரு. அம்மா, மகன், ரெண்டு மகள்கள் இருக்காங்க. பத்திரப்படி இடமும் அதுமேல இருக்குற கட்டடமும் நாலு பங்கு. மேல மாடி தம்பியோடதுன்னு அக்கா ரெண்டு பேரும் பெருந்தன்மையா விட்டுக்கொடுத்தா நல்லது, விட்டுக்கொடுக்கலன்னா அவங்கள குத்தம் சொல்ல முடியாது, பத்திரத்துல இருக்குறதத்தான் அவங்க கேக்குறாங்க. நான் போட்ட காசுன்னு மகன் கோர்ட்ல நிரூபிக்கணும், செங்கல் பில்லு, மேஸ்திரிக்கு கையில கொடுத்த கூலின்னு 10 வருஷம் கழிச்சு எங்க போய் தேடுறது?

இதுக்கு வழி இருக்கு, ஆனா கட்டுறதுக்கு முன்னாடி பண்ணனும். அப்பா அந்த இடத்துல பிரிபடாத ஒரு பாகத்தையும் (தனியா அளந்து பிரிக்காத பங்கு) மேல கட்டிக்குற உரிமையையும் மகன் பேருக்கு செட்டில்மென்ட் பத்திரமா, அதாவது உயிரோட இருக்கும்போதே காசு வாங்காம எழுதிக் கொடுக்குற பத்திரமா, எழுதி பதிவு பண்ணிடலாம். குடும்பத்துக்குள்ள எழுதுற செட்டில்மென்டுக்கு தமிழ்நாட்டுல முத்திரைத்தீர்வை மார்க்கெட் மதிப்புல 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய்னு 2023 ஜூலைல மாத்தி வெச்சாங்க. 25 லட்சம் செலவு பண்ணப் போறவருக்கு இது பெரிய தொகை இல்ல. அக்கா தங்கச்சிங்களையும் உக்கார வெச்சு பேசிட்டு எழுதுங்க, அவங்களுக்கு தெரியாம எழுதினா அந்த பத்திரத்தாலயே புதுசா ஒரு சண்டை ஆரம்பிக்கும். பேங்க் லோன் விஷயத்துலயும் ஒண்ணு கவனிக்கணும், இடம் அப்பா பேர்ல இருந்தா அவரும் கையெழுத்து போட்டு ஒரிஜினல் பத்திரத்த அடமானமா கொடுத்தாதான் லோன் வரும், நாளைக்கு மகனுக்கு வேலை போய் இஎம்ஐ நின்னா ஏலத்துக்கு வர்றது மாடி மட்டும் இல்ல, அப்பா அம்மா இருக்குற கீழ் வீடும் சேர்த்துத்தான். இத பெத்தவங்ககிட்ட வாய்விட்டு சொல்லிட்டு கையெழுத்து வாங்குங்க. கையெழுத்து போட்ட எத்தனையோ அப்பாங்களுக்கு அது தெரியாது. வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை வேணும்னாலும் ஓனரா உங்க பேர் இருக்கணும், வெறுமன இஎம்ஐ கட்டுறது போதாது.

செட்டில்மென்ட்னு சொன்னதும் பெத்தவங்க பக்கத்துக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். உயில் வேற, செட்டில்மென்ட் வேற. உயில் நீங்க இறந்த பிறகுதான் வேலை செய்யும், எத்தனை தடவை வேணா மாத்தலாம், முத்திரைத்தாள் கூட வேணாம், ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டா போதும், பதிவு பண்றது நல்லது ஆனா கட்டாயம் இல்ல. செட்டில்மென்ட் அப்படி இல்ல, பதிவாகி புள்ளை ஏத்துக்கிட்ட அந்த நாளே சொத்து கை மாறிடும், அப்புறம் நீங்களா போய் ரத்து பண்றேன்னு எழுதிட முடியாது. "எப்படியும் உனக்குத்தானே, இப்பவே எழுதிடுறேன்"னு மொத்த வீட்டையும் எழுதிக் கொடுத்துட்டு அதே வீட்ல மகனோட அனுமதில இருக்குற நிலைமைக்கு வந்தவங்க நிறைய பேர். மேல சொன்ன அனுமதி கணக்கு அப்படியே தலைகீழா திரும்பிரும்.

இதுக்காகத்தான் 2007ல பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம் வந்துச்சு. அதுல 23ம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, 60 வயசு ஆனவங்க, என்னை பாத்துக்கணும்ங்குற நிபந்தனையோட சொத்த எழுதிக் கொடுத்து, வாங்கினவங்க சோறு, தங்க இடம் மாதிரி அடிப்படை தேவைய கூட செய்யலன்னா, அந்த பத்திரம் ஏமாத்தி வாங்கினதா கருதப்படும், தீர்ப்பாயம் அத செல்லாதுன்னு அறிவிக்கலாம். நம்ம ஊர்ல அந்த தீர்ப்பாயம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல) தலைமைல இருக்கு, அப்பீல் கலெக்டர்கிட்ட. சிக்கல் எங்க வருதுன்னா, "நிபந்தனையோட"ங்குற அந்த ஒரு வார்த்தைல. பத்திரத்துல நிபந்தனை எழுதல, அப்போ என்ன? 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் நிபந்தனை இருந்ததா காட்டணும்னு சொல்லுச்சு. 2025 ஜனவரில வேற ஒரு கேஸ்ல, இது முதியவங்கள காப்பாத்த வந்த சட்டம், தாராளமாத்தான் அர்த்தம் பண்ணனும்னு சொல்லி ஒரு அம்மாவுக்கு வீட்ட திருப்பிக் கொடுக்க வெச்சுது. அதே வருஷம் மார்ச்ல சென்னை ஹைகோர்ட், நாகப்பட்டினத்து அம்மா ஒருத்தரோட கேஸ்ல, பாசத்தால எழுதித் தர்றேன்னு இருந்தாலே பாத்துக்குவாங்கங்குற எதிர்பார்ப்பு அதுக்குள்ள இருக்கு, தனியா நிபந்தனை எழுதியே ஆகணும்னு இல்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நல்ல தீர்ப்பு, படிச்சப்போ சந்தோஷமா இருந்துச்சு. ஆனா 70 வயசுல ஹைகோர்ட் வரைக்கும் போற தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? அதனால எழுதும்போதே எழுதிடுங்க: எங்க ஜீவிய காலம் வரைக்கும் இந்த வீட்ல குடியிருந்து அனுபவிக்குற உரிமை எங்களுக்கு உண்டு, சாப்பாடு மருத்துவம் எல்லாம் மகன் பாத்துக்கணும், தவறினா பத்திரம் செல்லாதுன்னு. நாலு வரிதான். பத்திர எழுத்தர் "அதெல்லாம் எதுக்குங்க, சொந்த புள்ளைதானே"ன்னு சொல்லுவார், விடாதீங்க.

இந்த சட்டத்துல மாசாமாசம் பணமும் கேக்கலாம், 10,000 ரூபாய் வரைக்கும் தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். மகன்தான் கொடுக்கணும்னு இல்ல, மகள், வயசு வந்த பேரன் பேத்தி எல்லாருக்கும் அந்த பொறுப்பு இருக்கு. அடிக்கிற, மிரட்டுற புள்ளைய வீட்ட விட்டு வெளியேத்தவும் தீர்ப்பாயம் உத்தரவு போடலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா மனு போட்டாலே வெளியேத்திடுவாங்கன்னு நெனைக்கக் கூடாது, பெத்தவங்க பாதுகாப்புக்கு அது அவசியமான்னு பாத்துத்தான் பண்ணுவாங்க.

மருமகள பத்தி பேசாம இத முடிக்க முடியாது. அவங்களுக்கு மாமனார் வீட்ல சொத்து பங்கு இல்ல, ஆனா குடியிருக்குற உரிமை இருக்கு. 2005ம் வருஷத்து குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல சேர்ந்து வாழ்ந்த வீட்ல பெண்ணுக்கு தங்குற உரிமை இருக்கு, வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் அது பொருந்தும்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி 2006 தீர்ப்பு ஒண்ண வெச்சுக்கிட்டு "இது எங்க வீடு, வெளிய போ"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அது இப்போ செல்லாது. மூத்த குடிமக்கள் சட்டத்த காட்டி மருமகள ஒரே நாள்ல வெளியேத்துறதும் நடக்காது, ரெண்டு சட்டத்தையும் சேர்த்து பாக்கணும்னு அதே வருஷம் டிசம்பர்ல இன்னொரு தீர்ப்பு. அந்த உரிமை காலத்துக்கும் அந்த வீட்லயேன்னு அர்த்தம் இல்ல, வேற வீடு பாத்து கொடுக்க சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். இதே சட்டம் அம்மாவுக்கும், கல்யாணம் ஆகாத மகளுக்கும், புருஷன் வீட்ல இருந்து திரும்பி வந்த மகளுக்கும் பொருந்தும்ங்குறது நிறைய பேருக்கு தெரியாது. அண்ணன் பொண்டாட்டி வந்துட்டாங்கன்னு தங்கச்சிய வெளிய அனுப்புற வீட்ல அந்த தங்கச்சி கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கணும்.

காசு விஷயம் கொஞ்சம். பெத்தவங்க வீட்ல இருந்தா வாடகை மிச்சம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அந்த மிச்சத்துல ஒரு பாகம் அம்மா கைக்கு போகணும்னு நான் உறுதியா நம்புறேன். வருமான வரில பழைய முறைல இருக்குறவங்களா இருந்தா அதுல உங்களுக்கே லாபமும் இருக்கு. அப்பாவோ அம்மாவோ வீட்டு ஓனரா இருந்து, நீங்க மாசாமாசம் அவங்க அக்கவுண்ட்டுக்கு வாடகை அனுப்பினா சம்பளத்துல வர்ற எச்ஆர்ஏவுக்கு (வீட்டு வாடகைப்படி) வரிவிலக்கு கேக்கலாம். கோயம்புத்தூர்ல இருக்கீங்க, அடிப்படை சம்பளம் 30,000, எச்ஆர்ஏ 12,000, அப்பாவுக்கு கொடுக்குற வாடகை 10,000னு வெச்சுக்கலாம். மூணு தொகை போட்டு பாக்கணும், வாங்குற எச்ஆர்ஏ 12,000, வாடகைல இருந்து சம்பளத்துல 10 சதவீதத்த கழிச்சா 7,000, சம்பளத்துல 40 சதவீதம்னா 12,000 (சென்னையா இருந்தா 50 சதவீதம்). இதுல எது கம்மியோ அது, அதாவது மாசம் 7,000 ரூபாய்க்கு வரி இல்ல. அப்பா அத வாடகை வருமானமா கணக்குல காட்டணும், அதுல 30 சதவீதம் கழிவு அவருக்கு உண்டு. ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக்கோங்க, வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல போனா அவரோட பான் நம்பரும் கொடுக்கணும். வாடகை நிஜமாவே போகணும், பேப்பர்ல மட்டும் காட்டுறது ஏமாத்து வேலை, மாட்டினா ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும்.

வீட்ல இத எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தயக்கமா இருக்கும். மகனோ மகளோ பேச ஆரம்பிச்சா சொத்துக்கு அலையுறான்னு நெனப்பாங்களோன்னு பயம், அப்பா ஆரம்பிச்சா நம்மள நம்பலயான்னு இவங்க நெனப்பாங்களோன்னு பயம். ஏதாச்சும் பெரிய செலவு வரும்போது, அதாவது மாடி கட்டும்போதோ லோன் போடும்போதோ கல்யாணம் பேசும்போதோ, அத வெச்சு ஆரம்பிங்க, அப்போ யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பத்திரம் எழுதுறதா முடிவானா நகல வீட்டுக்கு வாங்கிட்டு வந்து எல்லாரும் இருக்கும்போது ஒருத்தர் சத்தமா படிங்க, அப்பா அம்மாவுக்கு புரியலன்னா நிறுத்தி நிறுத்தி படிங்க, பதிவுக்கு டோக்கன் போடுறது அதுக்கப்புறம் இருக்கட்டும். ஏற்கனவே எழுதிக் கொடுத்துட்டு சாப்பாட்டுக்கே கஷ்டப்படுற பெரியவங்க யாராச்சும் உங்களுக்கு தெரிஞ்சிருந்தா, 14567ங்குற முதியோர் உதவி எண்ணுக்கு கூப்பிட சொல்லுங்க, இல்லன்னா நீங்களே கூட்டிட்டு போய் ஆர்டிஓ ஆபீஸ்ல மனு எழுதிக் கொடுங்க, அந்த பத்திரத்தோட நகலையும் கையில எடுத்துட்டு போங்க.